பிரான்ஸின் இடைக்காலத் தேவாலயச் சிற்பங்களைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பிரான்ஸில் கட்டப்பட்ட தேவாலயங்களின் வாசல் சிற்பங்கள், தூண் தலைப்புகள் (தூணின் உச்சியில் உள்ள செதுக்கிய கற்கள்), வண்ணக் கண்ணாடிகள், சுவரோவியங்கள் ஆகியவற்றைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. இங்கே சொல்லும் லென்ஸ் அளவுகள் எல்லாம் ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவுக்கானவை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் 1.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு எந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்கலாம்?

சிற்பம்தான் நோக்கம் என்றால் பர்கண்டிப் பகுதியில் தொடங்குங்கள். ஓத்தான் ஊரின் சேன் லசார் பேராலயமும் வெஸ்லேயின் மரிய மதலேனாள் ஆலயமும் ஒரே பயணத்தில் அடங்கும். இரண்டுமே 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவை. தெற்கே போக நேரம் இருந்தால் மொய்சாக், கோங்க் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பாரிஸை விட்டு நகர முடியாதவர்களுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் ஷார்த்ரே இருக்கிறது. கண்ணாடிக்கும் சிற்பத்துக்கும் சேர்த்து அதற்கு இணையான இடம் வேறில்லை.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஆலயம் போதும். இரண்டு என்றாலே வெளிச்சம் எங்காவது தவறிவிடும்.

எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேமராவைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். புடைப்புச் சிற்பத்தின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் உடை மடிப்பு, விரல், தாடி எல்லாவற்றுக்கும் நிழல் கிடைக்கும். நேர் எதிரிலிருந்து விழுந்தால் எல்லாம் ஒரே சுண்ணாம்புப் பூச்சாகத் தெரியும்.

பெரும்பாலான தேவாலயங்களில் பீடம் கிழக்கே, முகப்பு மேற்கே. அதனால் முகப்புச் சிற்பத்துக்குக் காலையில் வெயில் கிடையாது. நண்பகல் தாண்டியதும் வெயில் சுவரை உரசிக்கொண்டு வரத் தொடங்கும். அந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் சிற்பத்துக்கு நல்ல நேரம். மாலை முற்றினால் நிறம் பொன்னாக இருக்கும், ஆனால் ஒளி நேராக விழுந்து நிழலைத் தின்றுவிடும். கோங்க் ஆலயத்தின் வாசல் சிற்பத்தில் பழைய வண்ணத்தின் எச்சங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்ணத்துக்காக வேண்டுமானால் மாலை வெயிலில் தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

திசையைப் பெயரை வைத்து நம்பாதீர்கள். ஷார்த்ரேயின் "மேற்கு" வாசல் உண்மையில் தென்மேற்கைப் பார்க்கிறது, ஏனென்றால் கட்டடமே திரும்பி நிற்கிறது. அதனால் "தெற்கு" வாசலுக்குக் காலையிலேயே வெயில் வந்துவிடும். "வடக்கு" வாசலுக்குக் கோடை மாலையின் கடைசி நேரத்தில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். போகும் முன் வரைபடத்தில் கட்டடத்தைப் பெரிதாக்கி, எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சூரியனின் உயரமும் கணக்கில் வரும். மொய்சாக்கின் தெற்கு வாசல் ஆழமான வளைவுக்குள் அமைந்தது. ஜூன் கடைசியில் அங்கே உச்சிச் சூரியன் ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் நிற்கும். வளைவின் நிழல் சிற்பத்தைக் குறுக்கே வெட்டி, மேல்பாதி கறுப்பாகவும் கீழ்பாதி வெளுப்பாகவும் ஆகிவிடும். டிசம்பரில் அதே உச்சி வேளையில் 22 டிகிரிதான். வெயில் உள்ளே வரை எட்டும். கோடையில்தான் போக முடியும் என்றால் மேகம் மூடிய நாளோ, வாசல் முழுக்க நிழலில் இருக்கும் நேரமோ நல்லது. பாதி வெயில், பாதி நிழல் என்ற நிலைதான் மிக மோசம்.

வெஸ்லேயில் ஒளிப்பாதை தெரிவது எந்த நாளில்?

கோடைச் சூரியத் திருப்பத்தை ஒட்டிய நாட்களில், அதாவது ஜூன் 21 வாக்கில், தெற்கு மேல் சன்னல்கள் வழியே வரும் வெயில் நடுக்கூடத்தின் மையக்கோட்டில் வட்டம் வட்டமாக வரிசையாக விழும். பலர் கடிகாரத்தில் 12 மணிக்குப் போய் ஏமாறுகிறார்கள். பிரான்ஸின் கோடை நேரப்படி அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.47 அளவில். ஒரு மணிக்கே போய் வாசல் பக்கம் மையத்தில் இடம் பிடித்துவிடுங்கள். தரையிலுள்ள ஒளிவட்டத்துக்கு எக்ஸ்போஷர் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டங்கள் வெறும் வெள்ளைத் துளைகளாகிவிடும். குளிர்காலத் திருப்பத்தில் தாழ்ந்த சூரியன் வடபுறத்து மேல் தூண் தலைப்புகளைத் தொடும். அப்போது உச்சி நேரம் 12.45ஐ ஒட்டி.

தூண் தலைப்பு 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கே நிற்பது?

தூணுக்கு அடியில் நிற்காதீர்கள். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் தாடையும் பாதமும்தான் கிடைக்கும், முகம் ஒளிந்துகொள்ளும். கண் மட்டம் 1.6 மீட்டர் என்று வைத்தால், 7 மீட்டர் உயரத்துத் தலைப்பு உங்களுக்கு 5.4 மீட்டர் மேலே இருக்கிறது. 5.4 மீட்டர் தள்ளி நின்றால் கேமரா 45 டிகிரி நிமிர வேண்டும். 15 மீட்டர் தள்ளிப் போனால் 20 டிகிரிதான். எதிர்ப்புறப் பக்கக்கூடத்தின் சுவரில் சாய்ந்து நிற்பது பெரும்பாலும் அந்தத் தூரத்தைத் தந்துவிடும்.

அங்கிருந்து 200 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால் சட்டத்துக்குள் ஏறக்குறைய 2.9 மீட்டர் உயரமும் 1.9 மீட்டர் அகலமும் அடங்கும். ஒரு மீட்டர் அளவுள்ள தலைப்புக்கு இது தாராளம். 300 மி.மீ. இருந்தால் சட்டம் நிறையும். முழுத் தலைப்பும் கூர்மையாக வர லென்ஸ் துளை எஃப்/4 போதும். 200 மி.மீ., 15 மீட்டர் என்ற கணக்கில் கூர்மையின் ஆழம் 1.3 மீட்டருக்குக் குறையாது. எஃப்/8க்குப் போய் ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சுவரோடு ஒட்டிய தூண் தலைப்புக்கு மூன்று முகங்கள். கதை ஒரு முகத்தில் தொடங்கி அடுத்ததில் முடியும். நேராக ஒன்று, இரு பக்கமும் 45 டிகிரி நகர்ந்து இரண்டு என்று மூன்று படங்கள் கட்டாயம் வேண்டும். மொய்சாக்கின் மடத்துத் தாழ்வாரத்தில் 76 தலைப்புகள். அவை நான்கு முகம் கொண்டவை, உயரமும் அதிகமில்லை. அங்கே 50 மி.மீ. லென்ஸோடு ஒவ்வொன்றையும் சுற்றி வரலாம். முற்றத்துப் பக்க முகம் வெயிலிலும் தாழ்வாரப் பக்க முகம் நிழலிலும் இருக்கும் என்பதால் ஒரு சுற்று முழுக்க ஒரே எக்ஸ்போஷரில் எடுக்க முடியாது.

என்னென்ன லென்ஸ் எடுத்துப் போகலாம்?

ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் 70–200 எஃப்/4. பலர் அகல லென்ஸை முதலில் பையில் போடுகிறார்கள். சிற்பத்துக்கு அது பெரிதாக உதவாது. இரண்டாவதாக 24–70 அல்லது 35 மி.மீ. கட்டட உட்புறத்துக்கு மட்டும் 16–35. இவற்றோடு 8 மடங்கு பைனாகுலர் ஒன்று. எது படம் எடுக்கத் தக்கது, எது பிற்காலத்து ஒட்டுவேலை என்பதை முதலில் அதில் பார்த்துவிட்டால் வீண் படங்கள் குறையும்.

ட்ரைபாட் விடுவார்களா?

கூட்டம் அதிகமுள்ள இடங்களில், பாரிஸின் சேன்ட் ஷப்பேல் ஆலயம் போன்ற கட்டணம் கட்டும் சின்னங்களில், விட மாட்டார்கள். சிற்றூர்க் கோயில்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ட்ரைபாட் இல்லை என்று வைத்தே திட்டமிடுங்கள். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் நடுப்படம் பெரும்பாலும் அசைவில்லாமல் வரும். பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும்தான் கை ஆடுகிறது. நாற்காலியின் முதுகு மேல் அரிசியோ பயறோ நிரப்பிய சின்னத் துணிப்பை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தலாம். பீடம், கல்லறை மேடை, தீர்த்தத் தொட்டி இவற்றின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

உள்ளே இருட்டாக இருக்கிறது. என்ன செட்டிங்கில் தொடங்குவது?

தடித்த சுவரும் சிறு சன்னலும் கொண்ட பழைய ரோமனெஸ்க் பாணி ஆலயத்தின் உள்ளே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப்/4, ஷட்டர் 1/15 நொடி என்பது நல்ல தொடக்கப்புள்ளி. 200 மி.மீ. லென்ஸுக்குக் கையில் பிடித்து 1/200 வேண்டும் என்பது பழைய விதி. மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) அசைவுத் தடுப்பு இருந்தால் 1/25 வரை இறங்கலாம். அதற்கும் எட்டவில்லை என்றால் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை யாரும் காப்பாற்ற முடியாது.

ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும். ஒரே நிறக் கல்லில் கேமரா தடுமாறினால் முகத்தில் வைக்காமல் தலைப்பின் மேல் விளிம்பு போன்ற கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோட்டில் வையுங்கள். ராவாகவே (கேமரா திருத்தாத மூலக் கோப்பாகவே) எடுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் என்ன தவறு?

பல இடங்களில் தடை என்பது ஒரு பக்கம். தடை இல்லாத இடத்திலும் படம் கெடும். கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷின் திறனைக் காட்டும் கைட் நம்பர் 12 என்றால், ஐஎஸ்ஓ 100, எஃப்/4இல் அதன் வீச்சு 3 மீட்டர்தான். ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றி எட்ட வைத்தாலும் லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே ஒளி போவதால் நிழல்கள் கல்லுக்குப் பின்னால் மறைந்து, உருவங்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவை போலாகும். டார்ச் அடிப்பதும் வேண்டாம். அருகில் ஜெபம் செய்பவர்களுக்கு அது பெரும் தொந்தரவு.

கல் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் வருகிறதே?

உள்விளக்கின் நிற வெப்பநிலை 3000 கெல்வின், சன்னல் வழி வரும் பகல் ஒளி 5500க்கு மேல். இரண்டும் ஒரே கல்லில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமன் அமைப்பும்) இரண்டையும் சரிசெய்யாது. விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் எடுப்பதே சிறந்த வழி. சில ஆலயங்களில் விளக்கு தானாகச் சில நிமிடங்களில் அணையும், அதுவரை காத்திருங்கள். முடியாவிட்டால் முகத்தில் எந்த ஒளி விழுகிறதோ அதற்கு ஏற்ப வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஒவ்வொரு ஆலயத்திலும் முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைக் கையில் பிடித்து எடுத்து வைத்தால் கல்லின் உண்மை நிறம் பிறகு கிடைக்கும்.

படத்தில் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் வந்தால் அது எல்ஈடி விளக்கின் துடிப்பு. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில்தான் இது அதிகம். அங்கேயும் மின்சாரம் இந்தியாவைப் போல 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும்.

வண்ணக் கண்ணாடியை எப்படி எடுப்பது?

வெயில் நாளைவிட மேகம் மூடிய நாள் மேல். சூரியன் நேராகப் பின்னால் நின்றால் ஒரு கண்ணாடித் துண்டு எரிந்து வெளுக்கும், பக்கத்துத் துண்டு கருகும். சுற்றிலும் இருட்டுச் சுவர் இருப்பதால் கேமராவின் சராசரி அளவீடு ஏமாந்து அதிக ஒளியை எடுத்துக்கொள்ளும். ஸ்பாட் அளவீட்டில் ஒரு நடுத்தர நிறத் துண்டை அளங்கள், அல்லது சராசரி அளவீட்டிலிருந்து ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் ஷார்த்ரேயின் நீலத்தைத் தவறு என்று நினைத்துக் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். 1194 தீ விபத்தில் தப்பிய "அழகிய கண்ணாடி மாதா" சன்னலின் நீலம் அது. அதை இழந்து திரும்பினால் மனம் ஆறாது.

சன்னலுக்கு நேர் எதிரே, எதிர்ச் சுவர் ஓரமாகப் போய் நீள லென்ஸில் எடுங்கள். சேன்ட் ஷப்பேலில் 15 சன்னல்களில் 1113 காட்சிகள். ஒவ்வொன்றாக எடுக்க நாள் போதாது. ஒரு சன்னலை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாக வரிசை மாறாமல் எடுங்கள். பெரும்பாலான சன்னல்களில் கதை ஓடும் திசையும் அதுதான்.

கூரை ஓவியங்களுக்கு என்ன செய்வது?

சேன் சவேன் சுர் கார்தாம்ப் ஊரின் ஆலயத்தில் நடுக்கூடத்தின் வளைவுக் கூரை முழுக்க பைபிளின் ஆதியாகமம், யாத்திராகமக் காட்சிகள். உயரம் ஏறக்குறைய 17 மீட்டர். கேமராவை மல்லாக்கத் தரையில் வைத்து, 10 நொடி டைமர் போட்டு நகர்ந்துவிடுங்கள். 35 மி.மீ. லென்ஸில் கூரையின் 17 மீட்டர் நீளம் ஒரே சட்டத்தில் விழும். ஒவ்வொரு 6 மீட்டருக்கும் நகர்த்தி எடுத்தால் பிறகு ஒட்டிச் சேர்க்கலாம். கேமரா சாயாமல் இருக்க அடியில் மடித்த கைக்குட்டை, லென்ஸ் முனை நடுக்கூடத்தின் மையக்கோட்டில். யாராவது மிதித்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

போனில் எடுத்தால் போதுமா?

வாசல் சிற்பம், கண்ணாடி, மடத்துத் தாழ்வாரம் இவற்றுக்குப் போதும். உயரமான தலைப்புக்குத் தனி டெலி லென்ஸ் உள்ள போன் வேண்டும். விரலால் பெரிதாக்குவது வெறும் வெட்டுதான். நைட் மோடு கல்லின் உளித்தடத்தை மழமழவென்று தேய்த்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, திரையில் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, சற்றுக் குறைத்து, ராவில் எடுங்கள்.

ஒரு சிற்பத்தில் எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

ஓத்தானை எடுத்துக்கொள்வோம். வாசலுக்கு மேலே அரைவட்டப் பரப்பில் இறுதித் தீர்வை, 1130களின் வேலை. முதலில் முழு வாசலும் தெரிய ஒன்று. பிறகு அரைவட்டம் மட்டும். அடுத்து நடுவில் வீற்றிருக்கும் கிறிஸ்து, அவர் பாதத்துக்குக் கீழே "கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தார்" என்று லத்தீனில் இருக்கும் வரி. அது சிற்பியின் பெயரா, கொடையாளரின் பெயரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதன் பிறகு கீழ் உத்தரத்தில் எழுந்து வரும் சிறு உருவங்கள். அவர்களில் இரு யாத்திரிகர்களின் தோள்பையில் ஒன்றில் சிப்பி, மற்றதில் சிலுவை: ஸ்பெயினின் சந்தியாகு போனவரும் எருசலேம் போனவரும். சபிக்கப்பட்டவர்கள் பக்கம் எங்கிருந்தோ நீளும் இரண்டு பெரிய கைகள் ஒருவனின் தலையைக் கவ்வுகின்றன. அகலப் படத்தில் இவை புள்ளிகளாகவே இருக்கும், 200 மி.மீ.யில் தனித்தனியாக எடுத்தால்தான் வீட்டுக்கு வந்து பார்க்க முடியும்.

அதே ஆலயத்தின் மேல்மாடி அறையில் பழைய தலைப்புகள் சிலவற்றைக் கிட்டத்தட்டக் கண் மட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பில் தூண்களிலிருந்து கழற்றியவை அவை. ஞானிகளின் கனவு அங்கேதான் இருக்கிறது: மூன்று அரசர்கள் கிரீடத்தோடு ஒரே கட்டிலில், வட்டமாக விரிந்த ஒரே போர்வைக்குள். வானதூதர் ஒரு விரலால் ஒருவரின் கையைத் தொட, அவர் மட்டும் கண் திறந்திருக்கிறார். தூதரின் மற்றக் கை நட்சத்திரத்தைக் காட்டுகிறது. இதை நேராக மட்டும் எடுத்தால் போர்வை தட்டையாகிவிடும். வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டடி நகர்ந்தால் போர்வையின் மடிப்புக்கோடுகள் எழுந்து நிற்கும். விரல் விரலைத் தொடும் இடத்துக்குத் தனியாக ஒரு படம் எடுங்கள்.

எது பழையது, எது புதியது என்று எப்படித் தெரியும்?

இது தெரியாமல் எடுத்தால் 19ஆம் நூற்றாண்டு வேலையை 12ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடுவோம். வெஸ்லேயின் வெளி வாசல் சிற்பம், 19ஆம் நூற்றாண்டில் அதைப் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டியூக் காலத்துப் புதுவேலை. 12ஆம் நூற்றாண்டின் பெரிய வாசல் சிற்பம் வேறு, அது உள்ளே முன்கூடத்தில் இருக்கிறது. பாரிஸ் நோத்ர தாமின் மாடத்துப் பூதங்களும் அவர் காலத்தவை. அந்த ஆலயத்தின் அரசர் வரிசையிலிருந்து பிரெஞ்சுப் புரட்சியின்போது உடைத்தெறியப்பட்ட தலைகளில் 21 தலைகள் 1977இல் மண்ணுக்கடியில் கிடைத்தன. அவை க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உளித்தடம் ஒரே சீராக, விளிம்பு கூராக, மூக்கு உடையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சில நேரம் புறக்கணிப்பே காப்பாற்றியிருக்கிறது. ஓத்தானின் அரைவட்டத்தை 1766இல் அழகில்லை என்று சுண்ணம் பூசி மூடினார்கள், 1837இல்தான் அது வெளியே வந்தது. அதனால் புரட்சிக்காலச் சுத்தியல் அதைத் தொடவில்லை. பூச்சுக்கு மேல் துருத்தியதால் அப்போதே உடைத்தெடுக்கப்பட்ட கிறிஸ்துவின் தலை 1948இல் திரும்பப் பொருத்தப்பட்டது.

அனுமதி, பதிப்புரிமை விவகாரம்?

சொந்த உபயோகத்துக்கு, ஃபிளாஷும் ட்ரைபாடும் இல்லாமல், பொதுவாகத் தடையில்லை. வாசல் பலகையைப் படித்துவிடுங்கள். தொழில்முறைப் படப்பிடிப்பு என்றால் வேறு. 1905 சட்டத்தின்படி பழைய பங்குக் கோயில்கள் ஊராட்சியின் சொத்து, பேராலயங்கள் பெரும்பாலும் அரசின் சொத்து, வழிபாட்டுப் பயன்பாடு பங்குத்தந்தையின் பொறுப்பு. அதனால் உரிமையாளர், பங்குத்தந்தை இருவரிடமும் கேட்க வேண்டும்.

இடைக்காலச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதே கட்டடத்தில் உள்ள புதிய கண்ணாடிக்கு உண்டு. கோங்கின் 104 சன்னல்களைச் செய்த பியர் சூலாஜ் 2022இல் மறைந்தார். 2092 முடியும் வரை அவை காப்பில் இருக்கும். ரெய்ம்ஸ் பேராலயத்தில் ஷகால் கண்ணாடிகளுக்கு 2055 முடியும் வரை. படத்தை விற்கப் போகிறவர்கள் படச்சட்டத்துக்குள் அந்தக் கண்ணாடி முக்கியமாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பலி நடக்கும்போது எடுக்கலாமா?

கூடாது. ஞாயிறு காலையும், கோடையில் திருமணங்கள் நடக்கும் சனிக்கிழமைப் பிற்பகலும் உட்புறப் படத்துக்கு ஒதுக்காதீர்கள். அந்த நேரத்தில் வெளி வாசலை எடுக்கலாம், வருபவர்களுக்கு வழிவிட்டு.

சாய்ந்த கோடுகளை மென்பொருளில் நிமிர்த்தலாமா?

கொஞ்சம். முழுக்க நிமிர்த்தினால் மேலே உள்ள தலைகள் இழுபட்டு வீங்கும். ஓத்தான் உருவங்கள் இயல்பிலேயே நெடுநெடுவென்று இருப்பவை. இன்னும் இழுத்தால் சிற்பியின் கைவேலையா, மென்பொருளின் வேலையா என்று தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு நிமிர்த்தி நிறுத்துவது நல்லது. திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே நாலாபக்கமும் 15 சதவீதம் இடம் விடுங்கள்.

300 படங்களோடு திரும்பியபின் எது எந்தத் தூண் என்று மறந்துவிடுகிறதே?

உள்ளே நுழைந்ததும் வாசலில் இருக்கும் தரைப்பட அட்டையை முதலில் படம் எடுங்கள். பிறகு வாசலிலிருந்து பீடம் நோக்கி வடக்கு வரிசை முழுவதும், திரும்பி வரும்போது தெற்கு வரிசை. ஒவ்வொரு தலைப்புக்கும் முன் அந்தத் தூணின் முழு உருவம் ஒன்று. அதுதான் பிரிப்புக் குறி. வரிசை மாறும்போது உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிடலாம். 24 மெகாபிக்சல் ராவுக்கு ஒரு படம் 25 முதல் 30 எம்பி, ஆக 300 படம் 9 ஜிபி வரை வரும். அன்று இரவே இன்னொரு இடத்தில் நகலெடுத்து, கோப்புறைக்கு ஊர், ஆலயம், தேதி என்று பெயரிட்டு, தூண் எண்களை நினைவு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.